அட்டையின் கடைசி எண்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். நான் ஒரு திருநங்கை. பெண்ணாக வாழ்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

கடைக்கு வரும் அக்காமாரிடம் அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் பலருக்குத் தோள் எழும்பாது. இருட்டோடு எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்த தோள். வீடு திரும்பியதும் அடுப்படி வேலை. 1920களின் கடைசியில் மலாயாவின் பல தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரமும் வாளியும் ஒன்றுதான், கூலி மட்டும் வேறு.

என் அம்மாவும் பால் வெட்டியவர். நான் பெண் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் சொன்ன அன்று அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "சரி, எப்படிப் பிழைப்பே?" அன்று எனக்கு அழுகை வந்தது. மகளைப் பெற்ற தாய் கேட்கிற கேள்வி அது என்று பிறகுதான் உறைத்தது. தையலுக்கு அனுப்பியதும் அவர்தான்.

சேலை கட்டியதால் நான் பெண்ணாகவில்லை. கால்சட்டை போட்டுப் பள்ளிக்குப் போன நாளிலும் எனக்குள் அப்படித்தான் இருந்தது. பாலின அடையாளம் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் நம் அடையாள அட்டையில் 12 எண்கள். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். என்னுடையது ஒற்றை. ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்தில், அட்டையில் உள்ள ஆண் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். சேலையோடு எழுந்தேன். பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மா வரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தவணைக்கு நான் போகவில்லை. சர்க்கரைக்காரி அப்படி விடக்கூடாது, தெரியும். கால் நகரவில்லை.

2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு திருநங்கையின் அட்டையை மாற்ற உத்தரவிட்டது. 2016இல் ஒரு திருநம்பிக்கும், அதாவது அட்டையில் பெண் என்றிருந்த ஆணுக்கும், அப்படியொரு தீர்ப்பு கிடைத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. அட்டை விஷயம் இழுத்துக்கொண்டே போகும் போலிருக்கிறது.

அதனால் மருத்துவமனை முகப்பில் வேலை செய்யும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். பெயருக்குப் பதில் வரிசை எண்ணைக் கூப்பிடுங்கள். உள்ளே வந்ததும், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். இதற்குச் சட்டம் மாற வேண்டியதில்லை. மாத்திரையைத் தள்ளிப்போடாமல் நாங்கள் வந்துவிடுவோம்.