தீக்குச்சி செருகிய பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம். அம்பத்தூர் பக்கம் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் டூல் ஃபிட்டராக இருந்தவன் நான்.

உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு, வண்டியின் செயின் கவர் எல்லாம் பவர் பிரஸ்ஸில் பிறந்தவைதான். தகட்டை உள்ளே வைக்க வேண்டும். மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். எடுக்க வேண்டும். இதையே ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான தடவை. கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பொத்தான், கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் டை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் உள்ளே ஏது கை?

ஒரு நாள் பார்க்கிறேன், இடது பொத்தானின் இடுக்கில் தீக்குச்சி. பொத்தான் அழுந்தியே கிடக்கிறது. மிஷினில் நின்ற பையன் காண்ட்ராக்டில் வந்து மூன்றே நாள். பேக்கிங்குக்கு என்று எடுத்தவனை, ஆள் வரவில்லை என்று பிரஸ்ஸில் நிறுத்திவிட்டார்கள். "ஏம்ப்பா குச்சி வெச்சே?" என்றேன். "நான் வெக்கலண்ணே. மிஷினே இப்படித்தான்னு நெனச்சேன்" என்றான்.

அந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. பழைய ஆளுக்கு மிஷின் முன்பு எப்படி இருந்தது என்று தெரியும். புதியவனுக்கு அவன் வந்த அன்று இருந்ததுதான் மிஷின்.

குச்சியைப் பிடுங்கி எறிந்தேன். எண்ணிக்கை குறைகிறது என்று எனக்குத்தான் திட்டு. மறு வாரம் குச்சி திரும்ப வந்தது; பையனின் ஆள்காட்டி விரல் போனது. வேலையில் அடிபட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி அந்த விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. கட்டைவிரலுக்கு 30. ஆள்காட்டி விரல் இல்லாமல் ஒரு நட்டைப் போல்ட்டில் ஏற்றிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் 14 என்று!

காண்ட்ராக்டர் அவனைத் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோய், பைக் செயினில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டார். டாக்டர் சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது.

நெய்வேலியில் 2020இல் கொதிகலன் வெடித்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்ததைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ள வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளே ஆனாலும், காண்ட்ராக்ட் ஆளுக்கும் உரிமை உண்டு. டாக்டரிடம் முதலிலேயே எந்தக் கம்பெனி, எந்த மிஷின், எத்தனை மணி என்று சொல்லி எழுத வையுங்கள். வணக்கம்.