கடலுக்குப் போற தண்ணி வீணா? எப்ரோ ஆத்துல விழுந்த முடிச்சு

[காட்சி: வெறும் கடல். அலைச் சத்தம் மட்டும்.]

இங்க ஒரு கலங்கரை விளக்கம் இருந்துச்சு. முழுக்க இரும்பு, 50 மீட்டர் உயரம். ஸ்பெயினோட எப்ரோ ஆறு மத்தியதரைக் கடல்ல கலக்குற முனையில, 1864-ல கட்டினது. கட்டும்போது இது தரை. அப்புறம் ஆறு முகத்துவாரத்தை மாத்திக்கிச்சு, கடல் கரையை அரிச்சுது, 1961 கடைசியில கலங்கரை விளக்கம் கடலுக்குள்ள சாஞ்சுது. இன்னும் அடியிலதான் கிடக்கு.

எப்ரோ டெல்டாவுல பொறந்தவங்களுக்கு மண்ணுன்னா இப்படித்தான். ஆறு கொண்டுவந்து கொட்டுற வரைக்கும் இருக்கும், நிறுத்தினா போயிடும். அவங்ககிட்ட போய், "உங்க ஆத்துல தண்ணி மிச்சம் இருக்கு, எடுத்துக்கறோம்"னு அரசாங்கம் சொல்லுச்சு.

[வரைபடம்: எப்ரோவிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் இரண்டு நீலக் கோடுகள்.]

2000-ல ஸ்பெயின் பிரதமர் அஸ்னாரோட அரசு கொண்டுவந்து, 2001 ஜூலையில சட்டமாக்கின தேசிய நீர்த் திட்டம் இது. வருஷத்துக்கு 105 கோடி கன மீட்டர் தண்ணியை எப்ரோவிலிருந்து எடுக்கணும். நம்ம கணக்குல சுமார் 37 டிஎம்சி, அதாவது மேட்டூர் அணை கொள்ளளவுல அஞ்சுல ரெண்டு பங்கு. கொஞ்சம் வடக்கே பார்சலோனாவுக்கு. பெரும்பகுதி தெற்கே வலென்சியா, முர்சியா, அல்மேரியாவுக்கு. ரெண்டும் சேர்ந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர் கால்வாய். செலவு 400 கோடி யூரோவுக்கு மேல. அதுல ஒரு பெரிய பங்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும்னு எதிர்பார்ப்பு.

தண்ணி கேட்டவங்க பக்கத்தையும் பார்த்துடலாம். ஐரோப்பாவுலயே மழை ரொம்பக் குறைஞ்ச மண்ணு அல்மேரியாவும் முர்சியாவும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள தக்காளியும் குடைமிளகாயும் விளையவச்சு ஐரோப்பா முழுக்க அனுப்புறாங்க. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி அதுவும் வத்திப்போச்சு. "ஆகுவா பாரா தோதோஸ்", எல்லாருக்கும் தண்ணின்னு அவங்களும் லட்சக்கணக்குல தெருவுக்கு வந்தாங்க. நாட்டோட தண்ணி ஒரு மாகாணத்துக்கு மட்டும் சொந்தமான்னு அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். அதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்த இன்னொரு வாக்கியம்தான் பிரச்சனை: "கடல்ல கலக்குற தண்ணி வீண்."

[காட்சி: மேசையில் நீளமான கண்ணாடித் தொட்டி. நிறம் கலந்த உப்புத் தண்ணி மெதுவாக ஊற்றப்படுகிறது.]

இதைக் கவனிச்சுப் பாருங்க. தொட்டியில நல்ல தண்ணி இருக்கு. ஒரு முனையில சிவப்புச் சாயம் கலந்த உப்புத் தண்ணி ஊத்துறேன். ரெண்டும் கலக்கல. உப்புத் தண்ணி கனம், அதனால தரையோட தரையா ஆப்பு மாதிரி உள்ள நுழையுது. இப்போ எதிர்முனையிலிருந்து நல்ல தண்ணியை வேகமா விடுறேன். ஆப்பு பின்வாங்குது. வேகத்தைக் குறைக்கிறேன்... மறுபடி முன்னேறுது.

எப்ரோவுல நடக்குறது இதேதான். வரத்து குறைஞ்ச மாசங்கள்ல ஆத்துக்கு அடியிலேயே கடல் 30 கிலோமீட்டர் வரைக்கும் ஏறி வரும். மேலே பார்த்தா நல்ல தண்ணி ஓடுற மாதிரியே இருக்கும். இந்த ஆப்பைத் தடுத்து நிறுத்துறது எது? "வீணா" கடலுக்குப் போற அந்தத் தண்ணிதான்.

அடுத்தது வண்டல். 1960-கள்ல மெக்கினென்சா, ரிபரோஹான்னு ரெண்டு பெரிய அணை வந்த பிறகு, டெல்டாவுக்கு வந்துக்கிட்டிருந்த மண்ணுல 99 சதவீதம் நின்னுபோச்சு. சுமார் 320 சதுர கிலோமீட்டர் டெல்டா, பெரும்பாலும் நெல் வயல். தானா அமிழ்ந்துக்கிட்டிருக்கு, மேலே போட மண்ணு இல்ல. இந்த நிலைமையில இருக்குற தண்ணியையும் எடுத்தா?

மிச்சம்ங்கிற கணக்குலயும் ஒரு ஓட்டை. ஆத்தோட கடைசிப் பகுதிக்குன்னு வினாடிக்கு 100 கன மீட்டர் விட்டா போதும்னு திட்டம் சொல்லுச்சு. வெள்ளம் வந்த வருஷத்தையும் வறண்ட வருஷத்தையும் கூட்டி வகுத்தா எந்த ஆத்துலயும் மிச்சம் தெரியும். வறட்சி வந்தா ஸ்பெயின்ல பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் வரும், அந்த வருஷம் யாருக்கு வெட்டு? இதுக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 1979-லயே தாகோ ஆத்திலிருந்து முர்சியா பக்கத்து செகுரா ஆத்துக்குத் தண்ணி திருப்பினாங்க. வருஷத்துக்கு 60 கோடி கன மீட்டர்னு சொன்னாங்க. சராசரியா வந்தது அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டி. ஆனா வாக்குறுதியை நம்பி விரிஞ்ச வயல் சுருங்கல. தண்ணி வரப்போகுதுங்கிற செய்தி, தண்ணியை விட வேகமா ஓடும்!

[காட்சி: நீலத் துணி. அதில் ஒரு குழாய், நடுவில் முடிச்சு.]

இதான் டெல்டாக்காரங்க போராட்டத்தோட சின்னம். ஒரு குழாய், நடுவுல முடிச்சு, அவ்வளவுதான். டெல்டாவுக்கு மேலே இருக்குற டோர்ட்டோசா பக்கம் 2000-ல மக்கள் அமைப்பு உருவாச்சு. முடிச்சுப் போட்ட குழாய் பனியன்லயும் பால்கனியிலயும் தொங்குச்சு. முழக்கம்: "லோ ரியூ எஸ் விடா", ஆறுதான் உயிர். டெல்டாவுலயும் பார்சலோனாவுலயும் பேசுற கட்டலான் மொழியில பொதுவா "எல் ரியூ"ன்னுதான் எழுதணும். அந்த "லோ" டெல்டாப் பக்கத்துப் பேச்சு வழக்கு. வேணும்னேதான் விட்டாங்க. யாரு பேசுறாங்கன்னு அந்த ஒரு எழுத்துலயே தெரிஞ்சுடும்.

2000 அக்டோபர்ல சரகோசா, அடுத்த வருஷம் பார்சலோனா, மாட்ரிட்னு லட்சக்கணக்குல ஊர்வலம். 2001 கோடையில டெல்டாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தோட தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் நீலப் பயணம். பணம் அங்கதானே இருக்கு! இந்தப் புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மாட்ரிட் காது கொடுக்கலன்னா, மாட்ரிட்டுக்குக் காசு கொடுக்குறவங்க கதவைத் தட்டு. கூடவே சரகோசா பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பெட்ரோ அரோஹோ மாதிரி ஆளுங்க திட்டத்தோட வரவு செலவையே பிரிச்சுப் போட்டுக் காட்டினாங்க. அவருக்கு 2003-ல கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைச்சுது.

2004 மார்ச் தேர்தல்ல ஆட்சி மாறுச்சு. ஜூன்ல புதுப் பிரதமர் சபத்தேரோவோட அரசு எப்ரோ தண்ணியைத் திருப்புற திட்டத்தை ரத்து பண்ணுச்சு.

பதிலுக்கு வந்தது கடல்நீரைக் குடிநீராக்குற ஆலைகள். இதுல எல்லாம் சுகமா முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். ஒரு கன மீட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் தின்னும், விலை கட்டாதுன்னு விவசாயிங்க ஒதுங்கினாங்க, சில ஆலை வருஷக்கணக்கா அரைகுறையா ஓடுச்சு. 2008 வறட்சியில பார்சலோனாவுக்குக் கப்பல்ல தண்ணி வந்துச்சு. திட்டத்தை ரத்து பண்ணின அதே அரசு, எப்ரோ தண்ணியை பார்சலோனாவுக்குக் கொண்டுபோகக் குழாய் போடலாம்னு ஆணையும் போட்டுச்சு. நல்லவேளை, மே மாசம் மழை கொட்டுச்சு, ஆணையைச் சுருட்டி வச்சுட்டாங்க.

[காட்சி: கடல் நீர் மூடிய நெல் வயல்.]

2020 ஜனவரி, குளோரியா புயல். டெல்டாவுல சுமார் 3,000 ஹெக்டேர் வயலுக்குள்ள கடல் வந்துச்சு. இப்போ அந்த ஊர்க்காரங்க கோரிக்கை ஒரு படி தள்ளிப் போயிருக்கு. தண்ணியை எடுக்காதீங்கன்னு கேட்டவங்க, அணைக்குள்ள அடைபட்டிருக்கிற மண்ணைக் கீழே விடுங்கன்னு கேக்குறாங்க. அரை நூற்றாண்டுக்கும் மேலான வண்டல் அது. ரிபரோஹா நீர்த்தேக்கத்தோட அடியில இன்னும் கிடக்கு.