புத்தூர் கட்டா, பிளேட்டா? மேல்கை உடைஞ்சா முதல்ல விரலைப் பாருங்க!

(திரையில்: கையைத் துண்டுல தூளி கட்டிக்கிட்டு பஸ்ஸிலேர்ந்து இறங்குற ஒருத்தர்)

உடம்புல ஒரு எலும்பு இருக்கு. 3 செ.மீ. குட்டையாக் கூடினாலும், 20 டிகிரி முன்பக்கம் வளைஞ்சு கூடினாலும், வேலைக்கு ஒண்ணும் குறையாது. சட்டை போட்டா பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அதுக்கு வைத்தியமே பல நேரம் கையைத் தொங்க விடுறதுதான். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல இருக்கிற மேல்கை எலும்புதான் அது. டாக்டர் சீட்டுல ‘ஹ்யூமரஸ்’னு எழுதுவாங்க.

நாட்டு எலும்புக்கட்டுக்குப் பேர்போன ஊர், ஆந்திராவுல இருக்கிற புத்தூர். திருத்தணி, நகரி தாண்டி அங்க வர்ற பஸ்ல கைக்கட்டோட நாலு பேராவது இருப்பாங்க. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் தப்பை. வெள்ளைக்கரு எதுக்குன்னு சிரிக்காதீங்க. அது காஞ்சா, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி துணி விறைச்சுக்கும். நெப்போலியன் படையில சர்ஜனா இருந்த லாரேயும் முட்டை வெள்ளைக்கரு ஊறின துணியாலதான் கட்டினார். இன்னைக்கு நாம ‘மாவுக்கட்டு’ன்னு சொல்ற பாரிஸ் சாந்துக் கட்டை டச்சு ராணுவ டாக்டர் மத்தைசன் 1852-ல வெளியிட்டார். ஆக, தப்பையைக் கேலி பண்றவங்க கொஞ்சம் பொறுங்க. தப்பு கட்டுல இல்ல; எக்ஸ்ரே பார்க்காம கட்டுறதுலயும், இறுக்கிக் கட்டிட்டு விரலைப் பார்க்காம வீட்டுக்கு அனுப்புறதுலயும்தான் இருக்கு.

எலும்போட மேல் முனையை ஒரே மூச்சுல முடிச்சிடுறேன். பாத்ரூம்ல வழுக்கி விழற வயசானவங்களுக்கு உடையுற இடம் இது. பிரிட்டன்ல 250 பேரை வெச்சு நடத்தி 2015-ல வெளியான ஆய்வுல, ஆபரேஷன் பண்ணவங்களும் தூளி மட்டும் போட்டவங்களும் ரெண்டு வருஷம் கழிச்சு ஒரே மாதிரிதான் இருந்தாங்க. பந்துக்கிண்ண மூட்டு நழுவியிருந்தா அது வேற கதை. அடுத்து.

நடுத்தண்டு. நான் காத்துக்கிட்டிருந்த இடம்!

முதல் பத்துப் பதினாலு நாள் வீக்கம் இருக்கும். அதனால அக்குள்ல ஆரம்பிச்சு, முழங்கையைச் சுத்தி, தோள் வரைக்கும் ‘யு’ வடிவத்துல மாவுக்கட்டுப் பட்டை. வீக்கம் வடிஞ்சதும் ரெண்டு பிளாஸ்டிக் ஓடு, நடுவுல வெல்க்ரோ பட்டி. இதுக்குப் பேர் பிரேஸ். 1977-ல இதைப் பிரபலமாக்கினவர் எலும்பு டாக்டர் அகஸ்டோ சார்மியெண்டோ. எலும்பைத் தொடாத பிளாஸ்டிக் எப்படி எலும்பைப் பிடிக்கும்? ஒரு அரிசி மூட்டையை நினைச்சுக்குங்க. வாயைக் கட்டாத மூட்டைக்குள்ள ரெண்டு குச்சியைச் சொருகினா ஆடும். மூட்டையைச் சுத்திக் கயித்தால இறுக்கிப் பாருங்க, அரிசியே குச்சியைப் பிடிச்சுக்கும். இங்க அரிசி உங்க சதை. அதனாலதான் வீக்கம் வடிய வடிய தினமும் பட்டியை ஒரு இழுப்பு இழுக்கணும்.

மிச்ச வேலையைக் கையோட எடையே செய்யும். மணிக்கட்டுல மட்டும் தூளி. முழங்கையைத் தாங்கக் கூடாது. நாற்காலிக் கையில முழங்கையை ஊன்றினீங்கன்னா, உடைஞ்ச கீழ்த்துண்டு மேல தள்ளப்பட்டு எலும்பு வளையும். மல்லாந்து படுத்தாலும் தொங்கல் போயிடும், அதனால முதல் சில வாரம் தலையணை அடுக்கி சாய்ஞ்சு உட்கார்ந்த மாதிரிதான் தூக்கம். பக்கவாட்டுல கையைத் தூக்காதீங்க. ஆனா விரல், மணிக்கட்டு அசைவு முதல் நாளிலேர்ந்தே வேணும். நம்ம சித்தூர் வெயிலுக்கு உள்ள பருத்தி உறையைத் தினம் மாத்துங்க. முன்னால குனிஞ்சா கை தானா உடம்பை விட்டு விலகும், அப்போ அக்குளைத் துடைச்சிடலாம். முதல் மூணு வாரம் வாரம் ஒரு எக்ஸ்ரே. 8 முதல் 12 வாரத்துல பெரும்பாலும் கூடிடும். பீடி, சிகரெட் பிடிச்சா தள்ளிப்போகும்.

‘அப்போ ஆபரேஷன் பண்ணி எலும்புல உலோகப் பிளேட் வெக்கவே வேணாமா?’ன்னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: சில நேரம் வேணும். எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வந்திருந்தா, ரத்தக்குழாய் அறுந்திருந்தா, அதே கையில முன்கையும் உடைஞ்சிருந்தா ஆபரேஷன்தான். மத்தவங்களுக்கு? நடுத்தண்டு உடைஞ்சவங்களை வெச்சு 2020-ல வந்த பின்லாந்து ஆய்வுலயும், ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் பிரேஸ் போட்டவங்களுக்கும் ஒரு வருஷ முடிவுல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா பிரேஸ் போட்டவங்கள்ல சுமார் 30% பேர் பிற்பாடு ஆபரேஷனுக்குப் போனாங்க. ‘கட்டு போட்டாச்சு, இனி டாக்டர் எதுக்கு’ன்னு இருக்கிறவங்க இந்த எண்ணை எழுதி வெச்சுக்குங்க.

(திரையில்: கட்டை விரல்)

இப்போ லைக் போடுங்க. பட்டனை அழுத்தச் சொல்லல, கட்டை விரலைத் தூக்கிக் காட்டச் சொல்றேன். எலும்புக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே ஓடுற ரேடியல் நரம்பு நல்லா இருந்தாதான் அந்த விரல் ஏறும். நடுத்தண்டு உடையுறவங்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு இது அடி வாங்கி, மணிக்கட்டு தொங்கிப்போகும். பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது, நசுங்கியிருக்கும். மூணு நாலு மாசத்துல திரும்பிடும். அது வரைக்கும் மணிக்கட்டை நிமிர்த்தி வெக்கிற பட்டை போடணும். கட்டு போடுறதுக்கு முன்னாடி ஏறின விரல், போட்ட பிறகு ஏறலைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்.

கடைசியா பசங்க. மாங்காய் சீசன்ல மரத்துலேர்ந்து கையை ஊன்றி விழுந்தா, முழங்கைக்குச் சற்று மேல உடையும். முன்னாலேயே ரத்தக்குழாய் ஓடுது. நீவி நேராக்காதீங்க, முழுசா மடக்கவும் செய்யாதீங்க. வளையல், மோதிரம், அரைஞாண் மாதிரிக் கட்டின கைக்கயிறு, எல்லாத்தையும் வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. இருக்கிற நிலையிலேயே அட்டை வெச்சுத் துண்டால கட்டி, 108-க்குப் போன் பண்ணுங்க; தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டு மாநிலத்துலயும் அதே ஆம்புலன்ஸ் நம்பர்தான்.

கட்டு போட்ட ராத்திரி நகத்தை அழுத்தி விடுங்க, ரெண்டு நொடியில சிவக்கணும். விரலை நீங்க மெதுவா நீட்டிவிடும்போது குழந்தை அலறுதா, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கிட்டே போகுதா? விடியட்டும்னு பார்க்காதீங்க. கட்டை முழு நீளத்துக்கும் வெட்டித் தளர்த்தி, உடனே ஆஸ்பத்திரி. சில மணி நேரத்துலயே சதை செத்துப்போகும், அப்புறம் விரல்கள் மடங்கினபடியே நின்னுடும். 1881-ல ஜெர்மன் சர்ஜன் ஃபோல்க்மன் எழுதினதே இதைப் பத்தித்தான்.

பசங்களுக்கு உடைஞ்ச எலும்பைப் பிடிக்க ஆஸ்பத்திரியில கம்பி போட்டிருந்தா, மூணு நாலு வாரத்துல எடுப்பாங்க. கை மடங்காம விறைப்பா இருக்கும், பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோட வருவாங்க. பாட்டியை உட்கார வெச்சுக் காபி கொடுங்க, உருவ மட்டும் விடாதீங்க. வலுக்கட்டாயமா உருவினா சதைக்குள்ளயே எலும்பு முளைச்சு மூட்டு பூட்டிக்கும். பையன் தானா மடக்கி நீட்டட்டும்.