நாலு கோடு நோட்டும் ஒரு தாழ்ப்பாளும்

(மகளிர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மன்றத் தலைவி அம்மா அவர்களுக்கும், மேடையிலும் எதிரிலும் இருக்கும் சகோதரிகளுக்கும், கதவோரம் நின்றுகொண்டே கேட்கும் அந்த இரண்டு ஆண்களுக்கும் வணக்கம். உள்ளே வந்து உட்காருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

இருபது நிமிஷம் பேசலாம், அதற்கப்புறம் இசை நாற்காலிப் போட்டி என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். நாற்காலிகளை எடுக்க வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

"கல்விப் பணியிலும் சமூக சேவையிலும் மகளிர் மன்றங்கள்" என்று அழைப்பிதழில் தலைப்பு போட்டிருக்கிறீர்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தவள். கணக்கு எழுதத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் பகுதி மாதர் சங்கத்தில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுப்பதென்று தீர்மானம் போட்டோம். மொத்தக் கடையில் விலை பேசி, கட்டுக் கட்டாக வாங்கி, ஒவ்வொன்றின் அட்டையிலும் சங்கத்தின் பெயரை ரப்பர் ஸ்டாம்பால் குத்தி, வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தோம். போட்டோவும் எடுத்தோம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். "மேடம், இதை என் தம்பிக்குக் குடுத்துடலாமா? இது நாலு கோடு நோட்டு" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். ஆமாம், நாலு கோடுதான். சின்னப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துப் பழகுகிற நோட்டு. ஒன்பதாம் வகுப்பில் அதில் எதை எழுதுவது? விலை கேட்டோம், எண்ணிக்கை கேட்டோம், போட்டோகிராபர் எத்தனை மணிக்கு வருவார் என்றுகூடக் கேட்டோம். உனக்கு என்ன நோட்டு வேண்டும் என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை.

அந்த வெட்கம்தான் இன்றைக்கு என்னை இங்கே பேச வைக்கிறது. கொடுக்கிற சங்கங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. விசாரிக்கிற சங்கம்தான் கிடைப்பதில்லை.

'விசாரிப்பது' என்று நம் பேச்சில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. போலீஸ் விசாரணையைச் சொல்லவில்லை. "வீட்டில் எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லு" என்கிறோமே, அது. காய்ச்சல் என்றால் வந்து பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, மறுநாளும் வந்து கேட்பது. நம் பெண்களுக்கு இது யாரும் கற்றுத்தர வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் சங்கம் என்று பலகை மாட்டியதும் எப்படியோ மறந்துவிடுகிறோம்.

விசாரித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1886ஆம் ஆண்டில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஒருவர் சகோதரி சுப்பலட்சுமி. சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்தவர். வீட்டார் மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அவர் மாதிரிப் பெண்கள் எத்தனை வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சுப்பலட்சுமி அவர்களைத் தேடிப் போய் விசாரித்தார். எழும்பூரில் தம் வீட்டிலேயே இளம் விதவைகள் சிலரை வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எண்ணிக்கை கூடியதும் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்கு விடுதி போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டிய கட்டிடம் அது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறோம். நடுவில் சில வருஷங்கள், வீட்டுக்கு வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட பெண்கள் அங்கே தங்கி ஆசிரியைகளாக ஆகிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டைக்காரர். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அதனால் ஒன்றே ஒன்று. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயரோடு டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து சேர்ந்து வரும். நம் வீடுகளில் யாராவது ஒருவரை அங்கே அழைத்துப் போயிருப்போம். அந்த மூன்று எழுத்தும் ஒரு மாதர் சங்கத்தின் பெயர். 1917இல் அடையாறில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய இந்திய மாதர் சங்கம்தான் அது. எழுதப் படிக்க, தைக்க, முதலுதவி செய்யக் கற்றுக் கொடுப்பதுதான் அதன் கிளைகள் பலவற்றில் நடந்த வேலை. உங்கள் மன்றம் இப்போது செய்கிற அதே வேலை. முத்துலட்சுமி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தச் சங்கத்தின் பெயரிலேயே நிதி திரட்டி, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அந்த மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். தையல் வகுப்பு நடத்திய சங்கம்தானே என்று யாராவது உங்களிடம் இளப்பமாகப் பேசினால், அடையாறு பக்கம் கையைக் காட்டுங்கள்.

அவ்வை இல்லம் பிறந்த கதையும் அப்படித்தான். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி சட்டமன்றத்தில் போராடிக்கொண்டிருந்த காலம். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வந்த சிறுமிகள் சிலர் சென்னையில் நின்றார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. கடைசியில் சட்டம் பேசியவரின் வீட்டுக் கதவையே வந்து தட்டினார்கள். அவர் கதவைத் திறந்தார். 1930இல் அந்த வீட்டிலேயே இல்லம் தொடங்கியது. நாம் மேடையில் எதைப் பேசுகிறோமோ அது ஒருநாள் நம் வாசலில் வந்து நிற்கும். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

சரி, பழைய கதை போதும்.

நம் காலத்துக்கு வருவோம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், வாராவாரம் சேமிப்பு, ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், ஒரு தீர்மானப் புத்தகம். இன்றைக்கு இப்படி ஒரு குழு இல்லாத கிராமத்தைக் காட்டுவது கஷ்டம். இந்தக் குழுக்களுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு வங்கிக்காரியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்: குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற உள்கடனின் பதிவேட்டைப் பாருங்கள். ஜூன் மாதப் பக்கத்தைப் புரட்டினால் 'பள்ளிச் செலவு', 'காலேஜ் பீஸ்', 'யூனிபார்ம் தையல் கூலி' என்று வரிசையாக இருக்கும். அதே பெண் போன வருஷம் ஜூனில் பிள்ளையின் படிப்புக்குக் கடன் எடுத்திருக்கிறாள், இந்த வருஷம் எடுக்கவில்லை என்றால், ஒன்று அவள் கையில் காசு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. ஆசிரியருக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த நோட்டுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதைப் படிக்க யாராவது வேண்டுமே. பல குழுக்களில் இன்று கூட்டம் என்றாலே கடன் தவணையும் பாக்கியும்தான். தண்டல்காரர் செய்ய வேண்டிய வேலையை நாமே வட்டமாக உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் பாட்டிகள் கேட்டிருந்தால் நம்பியிருக்கவே மாட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? கூட்டத்தன்று வேலை இருக்கிறது என்று போகாமல் இருந்துவிட்டு, பிள்ளை கையில் வருகிற நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். பிள்ளையின் ரேங்க் கார்டுக்குப் போடுகிற மாதிரி.

எங்கள் சங்கத்தில் அந்தக் கூட்டத்துக்கு ஒருமுறை விடாமல் போவது என்று முடிவு செய்தோம். மூன்றாவது கூட்டத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதிலும் மாதத்தில் நாலைந்து நாள் சில பெண்கள் வருவதில்லை. ஆசிரியை சொன்னார், 'உடம்பு சரியில்லை என்கிறார்கள்'. எங்களில் ஒரு அம்மா, வீட்டு வேலைக்குப் போகிறவர், எழுந்து நேராகக் கழிவறைக்குப் போனார். திரும்பி வந்து, "தாழ்ப்பாள் இல்லைம்மா, எப்படி வருவாங்க?" என்றார். கதவு இருந்தது. தண்ணீரும் வந்தது. தாழ்ப்பாள் மட்டும் பிய்ந்து போயிருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நாட்களில் யாரை நம்பி நிற்க வைப்பது? அதனால் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் வாங்கி, மறுநாள் தச்சரைக் கூட்டிப் போய் மாட்டினோம். எங்கள் சங்கத்தின் மொத்த வரலாற்றிலேயே குறைந்த செலவில் செய்த வேலை அதுதான். அதற்குப் போட்டோ இல்லை. கழிவறைத் தாழ்ப்பாளுக்கு முன்னால் நின்று யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்? தீர்மானப் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி இருக்கிறது: 'தாழ்ப்பாள் – 1'.

அப்புறம் இந்த இனிஷியல் தொல்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்குப் பணம் வரவே இல்லை. பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே கிடையாது. மூன்றும் ஒரே பெண் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா இ-சேவை மையத்துக்கு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்து, நாலாம் நாள் போதும் என்று விட்டுவிட்டார். எங்களில் ஒருவர் கூடப் போனதும் ஒரே நாளில் முடிந்தது. என்ன பெரிய சிபாரிசு? ஒன்றும் இல்லை. எந்தக் காகிதத்தை முதலில் திருத்த வேண்டும் என்று கேட்டு, எழுதிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

காலையில் நான் பேச வருவதற்குமுன் உங்களில் சிலர் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் என்று தெரிந்துகொண்டேன். 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்த திட்டம். மகளிர் குழுப் பெண்கள்தான் பள்ளிகளில் சமைக்கிறார்கள். நீங்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டுகிறீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது சமையலைப் பற்றி இல்லை. பரிமாறும்போது எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை கேட்கிறது, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருக்கிறது, எது நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். கலெக்டர் ஆபீஸில் இருக்கிற எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அது சுடச்சுட இருக்கிறது. கையில் கரண்டியோடு நிற்பவர் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். குழு போய்க் கேட்கட்டும்.

புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. வகுப்புக்கு வர, தண்ணீர் எடுக்க, பிள்ளையை ஏற்றிப் போக என்று அந்தப் பெண்களைக் கேட்டால் பதில் சொல்லியிருப்பார்கள். ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளைத்தான் பலரும் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதோடு, குறுக்குக் கம்பி இருந்தால் அதில் குழந்தையை உட்கார வைக்கலாமே. புடவை கட்டிக்கொண்டு அந்தக் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டவர்களை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் கனமானது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருகிற மே மாதத்தைப் பற்றி. ரிசல்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில வாரங்களில்தான் நம் பெண்கள் காணாமல் போகிறார்கள். 'மாமா வீட்டுக்குப் போயிருக்கா' என்பார்கள். ஜூனில் பார்த்தால் கழுத்தில் தாலி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஒன்று இருந்தது. 2022இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்கள் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். புதுமைப் பெண் என்கிறோமே, அது. கல்யாணத்துக்கு வைத்த பணம் காலேஜுக்கு வந்திருக்கிறது. ஆனால் மே மாதத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, எந்தக் காலேஜ், எந்த பாரம், கடைசித் தேதி எது என்று உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டை வரும் என்று தயக்கம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஒருமுறை தயங்கினேன். அந்தப் பெண் இப்போது எங்கள் தெருவிலேயே இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள். எனக்குத்தான் சிரிக்க வருவதில்லை.

நோட்டுக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கொடுங்கள். ஒற்றைக் கோடா, நாலு கோடா, கோடில்லாததா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன். உங்கள் நாற்காலிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கச் சொன்னேன், எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் போன வாரம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்த ஒரு பிள்ளையின் பெயரை எழுதித் தலைவி அம்மாவிடம் மட்டும் கொடுங்கள். பெயர் தெரியாதவர்கள் இன்றைக்குச் சாயங்காலம் போய் விசாரித்துவிட்டு நாளைக்குக் கொடுக்கலாம். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இசை நாற்காலி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.