சாலைப் புழுதியும் புல்வெளியும்

வணக்கம் நேயர்களே.

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு கிராமம். தார் போடாத சாலை. பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்த வழியாகக் காரை ஓட்டிப் போகிறான். ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்கிறான். கார் கிளப்பிய புழுதி மெல்ல அடங்குகிறது. ஆனால் எல்லாப் புழுதியும் சாலைக்கே திரும்பிவிடவில்லை. கொஞ்சம் ஜன்னல் வழியாக வீடுகளுக்குள் போயிற்று. கொஞ்சம் தோட்டத்து ரோஜாக்களின் மேல் வெள்ளையாகப் படிந்தது. கொஞ்சம் ஊர்க்காரர்களின் நுரையீரலுக்குள் இறங்கியது. இவர்களுக்கு எப்போதுதான் புத்தி வந்து ரோட்டுக்குத் தார் போடுவார்களோ என்கிறான் காரில் இருப்பவன்.

இ. எம். ஃபார்ஸ்டர் 1910-இல் வெளியிட்ட 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலில், மூன்றாம் அத்தியாயத்தில் வருகிற காட்சி இது. அந்தக் காலத்து ஆங்கில நாவல்களில் வர்க்கமும் இயற்கையும் பேரரசும் எப்படி வருகின்றன என்று பேசச் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் புழுதிதான். மூன்றும் இதற்குள் இருக்கின்றன. காரில் போகிறவன் யார், புழுதியைச் சுவாசிக்கிறவர்கள் யார் என்பது வர்க்கம். வெளுத்துப்போன ரோஜா இயற்கை. அப்படியானால் பேரரசு எங்கே? காரை வாங்கிய பணத்தில்.

காரில் இருந்த சார்லஸின் அப்பா ஹென்றி வில்காக்ஸ், ரப்பர் வியாபாரி. அவருடைய நிறுவனத்தின் பெயர் இம்பீரியல் அண்ட் வெஸ்ட் ஆஃப்ரிக்கன் ரப்பர் கம்பெனி. இளைய மகன் பால் பிழைப்புக்காக நைஜீரியா போகிறவன். ஹென்றி மறுமணம் செய்துகொள்ளப்போகும் மார்கரெட் ஷ்லேகெல் ஒரு நாள் அந்த அலுவலகத்துக்குப் போகிறாள். ஆப்பிரிக்காவே எதிரில் வந்து நிற்கும் என்று நினைத்துப் போனவளுக்குக் கணக்குப் புத்தகங்களும் பளபளக்கும் மேசைகளும்தான் கண்ணில் படுகின்றன. சுவரில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடம். கொழுப்பை வெட்டியெடுக்கக் கோடு போட்டு வைத்த திமிங்கிலம் மாதிரி இருக்கிறது என்கிறார் ஃபார்ஸ்டர். 1884-85-இல் ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பங்குபோட விதி வகுத்துக்கொண்ட கதை முழுவதும் அந்த ஒரு உவமையில் அடங்கியிருக்கிறது.

அதோடு கதை வேறு பேச்சுக்குப் போய்விடுகிறது. ரப்பரைச் சேகரித்த ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இந்த நாவலில் முகம் காட்டுவதில்லை. ரப்பர் என்றால் நமக்கு மலாயா ஞாபகம் வரும். இந்த நாவல் அச்சான அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அங்கே மரம் மரமாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த வரைபடப் பக்கத்தை என்னால் சீக்கிரம் புரட்ட முடிவதில்லை.

சரி, வில்காக்ஸ் குடும்பம் பணத்தாசை பிடித்தது, ஷ்லேகெல் சகோதரிகள் நல்லவர்கள் என்று இந்தக் கதையைச் சொல்லிவிடலாமா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மார்கரெட்டும் ஹெலனும் இசை, இலக்கியம், பெண்களின் வாக்குரிமை என்று பேசுகிறவர்கள்தான். ஆனால் வயதுக்கு வந்ததும் மார்கரெட் என்ன செய்கிறாள்? தன் பணத்தின் பெரும்பகுதியை வெளிநாட்டு முதலீடுகளில் போடுகிறாள். உள்ளூர் ரயில்வே பங்குகளே பத்திரம் என்கிறாள் சித்தி. ரயில்வே பங்கு விலை இறங்குகிறது, வெளிநாட்டு முதலீடு நன்றாகவே பலன் தருகிறது. ஃபார்ஸ்டர் இதைப் போகிற போக்கில்தான் சொல்கிறார். ஆனால் அந்த அழகான மாலை விருந்துகளுக்கும் எங்கோ கடலுக்கு அப்பால் யாரோ உழைத்திருக்கிறார்கள். மார்கரெட்டும் கண்மூடி இருப்பவள் அல்ல. நாம் பணத்தின் மேல், தீவின் மேல் நிற்பது போல நிற்கிறோம், அது காலடியில் இருப்பதே நமக்கு மறந்துபோகிறது என்று அவளே சொல்கிறாள். தன் தீவின் அளவையும் சொல்கிறாள்: வருடத்துக்கு 600 பவுன்.

அந்தத் தீவின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பவன் லெனர்ட் பாஸ்ட். இருபது வயது, இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. லண்டன் குயின்ஸ் ஹாலில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி கேட்க வந்தவனின் குடையை, ஹெலன் கவனிக்காமல் எடுத்துப் போய்விடுகிறாள். திருப்பி வாங்க வீட்டுக்கு வருகிறான். குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற ஹெலன், தையல் விட்டுப்போன ஒன்றைத் தூக்கி, 'அடச்சே, படுமோசமான குடை, இது என்னுடையதாகத்தான் இருக்கும்' என்கிறாள். அது அவனுடைய குடை. அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குக் குடை போனால் இன்னொரு குடை. அவனோ இசையைப் பற்றிப் பேச்சு நடக்கும்போதுகூட அந்தக் குடையையே நினைத்துக்கொண்டிருந்தவன்.

அவன் வீட்டுச் சாப்பாட்டையும் ஃபார்ஸ்டர் காட்டுகிறார். வெந்நீரில் கரைத்த சூப் கட்டி. அப்புறம் டின்னில் அடைத்த நாக்கு இறைச்சி, மேலே கொஞ்சம் ஜெல்லி, அடியில் மஞ்சள் கொழுப்பு. கடைசியாகத் தண்ணீரில் கரைத்த இன்னொரு கட்டி, அன்னாசி வாசனையோடு. மண்ணிலிருந்து நேராக வந்த பொருள் ஒன்றுகூட அந்தத் தட்டில் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். ஏனென்றால் அவன் தாத்தா பாட்டி நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நகரம் உறிஞ்சிக்கொண்ட உழவர் வம்சத்தின் மூன்றாம் தலைமுறை அவன். ஒரு சனிக்கிழமை இரவு விம்பிள்டன் வரை ரயிலில் போய், அங்கிருந்து விடிய விடிய காட்டு வழியே நடக்கிறான். விடியல் அற்புதமாக இருந்திருக்குமே என்று சகோதரிகள் கேட்கிறார்கள். இல்லை என்கிறான். வெறும் சாம்பல் நிறம்தான், களைப்பு, குளிர், பசி வேறு. இயற்கை ஏழைக்கு எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இடம் அந்தக் காலத்து நாவல்களில் குறைவு.

அதே ஃபார்ஸ்டர்தான் அவனை அறிமுகப்படுத்தும் அத்தியாயத்தின் முதல் வரியில், பரம ஏழைகளைப் பற்றி நமக்குக் கவலையில்லை, அவர்கள் புள்ளிவிவரக்காரருக்கும் கவிஞருக்கும் உரியவர்கள் என்று எழுதுகிறார். சிலர் அதைக் கிண்டல் என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் நாவல் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை.

லெனர்டின் கதை சோகம். உன் கம்பெனி திவாலாகப் போகிறது என்ற ஹென்றியின் பேச்சைச் சகோதரிகள் அவனிடம் சொல்ல, அவன் வேலையை விட்டுக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வங்கிக்குப் போகிறான். அங்கே ஆட்குறைப்பில் வேலை போகிறது. பழைய கம்பெனியோ திடமாக நிற்கிறது. கடைசியில் வில்காக்ஸ் குடும்பத்தின் கிராமத்து வீடான ஹோவர்ட்ஸ் எண்டில் சார்லஸ் அவனை வாளின் தட்டைப் பக்கத்தால் அடிக்க, பிடிமானத்துக்கு அவன் புத்தக அலமாரியைப் பற்ற, புத்தகங்கள் அவன் மேல் சரிந்து கொட்டுகின்றன. இதயம் நின்றுவிடுகிறது. ஆனால் ஹெலனுக்கும் அவனுக்கும் பிறந்த குழந்தை அந்த வீட்டின் புல்வெளியில் விளையாடுகிறது. மார்கரெட்டுக்குப் பிறகு வீடு அந்தக் குழந்தைக்குத்தான். உழவர் வம்சம் ஒரு சுற்றுச் சுற்றி நிலத்துக்குத் திரும்பி வருகிறது. சுற்றிலும் புல் அறுக்கிறார்கள். புல் அறுக்கும் காலம் வந்தாலே தும்மத் தொடங்கும் குடும்பம் வில்காக்ஸ் குடும்பம் என்பதை ஃபார்ஸ்டர் முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் எட்டொன்பது வயல்களுக்கு அப்பால் சிவப்பாகத் துரு மாதிரி ஏதோ தெரிகிறது. அது லண்டன், ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

அந்த வீடு கற்பனை அல்ல. ஸ்டீவனேஜ் அருகே ரூக்ஸ் நெஸ்ட் என்ற வீட்டில் 1883 முதல் பத்து வருடம், பிள்ளைப் பருவத்தில், ஃபார்ஸ்டர் வாழ்ந்திருக்கிறார். நாவலில் வரும் எல்ம் மரமும் அங்கே நின்றதுதான். பல்வலி தீர அதன் பட்டையை மென்ற ஊர்க்காரர்கள், அடிமரத்தில் பன்றிப் பற்களைப் பதித்து வைத்திருந்தார்கள்.

1946-இல், போரில் லண்டன் வீடுகள் இடிந்து கிடந்த நேரம், ஸ்டீவனேஜைப் புதுநகரமாக்க அரசு முடிவு செய்தது. அந்த ஆண்டு ஃபார்ஸ்டர் பிபிசி வானொலியில் பேசினார், நான் இப்போது உங்களிடம் பேசுவது போல. தன் பிள்ளைப் பருவத்து வயல்களின் மேல் அந்த நகரம் விண்கல் போல வந்து விழப்போகிறது என்றார். மக்களுக்கு வீடு வேண்டும் என்பதையும் ஒத்துக்கொண்டார். வடக்கு லண்டனில் இரண்டே அறைகளில் நான்கு குழந்தைகளை வளர்க்கும் தொழிலாளி நண்பர்கள் தனக்கு இருக்கிறார்கள் என்று சொன்னார். அந்தக் குழந்தைகளையும் அந்த வயல்களையும் ஒரே தராசில் வைக்கத் தன்னால் முடியவில்லை என்றார். 1910-இல் அவர் கதைக்கு வெளியே நிறுத்தியவர்கள் முப்பத்தாறு வருடம் கழித்து அவருடைய புல்வெளிக்கே வந்து, குடியிருக்க இடம் கேட்டு நின்றார்கள்.

நன்றி, வணக்கம்.