புல் வெட்ட ஆள் கூப்பிட்டால் எவ்வளவு ஆகும்? மலை வீடுகளுக்கு ஒரு கணக்கு

(காட்சி: கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு. ரோட்டில் இருந்து படி இறங்குகிறது. கீழே மூன்று அடுக்காகத் தோட்டம். புல் இடுப்பளவு நிற்கிறது. பனிமூட்டம் இன்னும் விலகவில்லை.)

வணக்கம். மழை பிடித்ததும் நீலகிரியில் வீடு வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது இதுதான்: "புல் வெட்ட ஆள் இருக்காங்களா? செண்டுக்கு எவ்வளவு கேட்கிறாங்க?"

செண்டுக்கு இவ்வளவு என்று ஒரே பதில் சொல்ல முடியாது. ஒரே தெருவில், ஒரே அளவு இடத்துக்கு, ஒரு வீட்டில் 600 ரூபாயும் பக்கத்து வீட்டில் 1,500 ரூபாயும் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நியாயமான கூலிதான். எப்படி என்று சொல்கிறேன்.

(காட்சி: புல்லை விரலால் விலக்கிக் காட்டும் கை. அடியில் பின்னிக் கிடக்கும் தண்டுகள்.)

முதலில் புல்லைப் பாருங்கள். நம் மலையில் வீட்டு லான்களில் நிறைய இருப்பது கிக்குயு புல். ஆப்பிரிக்காவின் கிழக்கு மலைப்பகுதியில் இருந்து வந்தது. கென்யாவில் வாழும் கிக்குயு மக்களின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். தரைக்கு மேலும் கீழும் கொடி ஓட்டி, கணுவுக்குக் கணு வேர் விடும். மழையும் கொஞ்சம் வெயிலும் மாறி மாறிக் கிடைத்தால் போதும், இரண்டு வாரத்தில் செருப்பை மூடும்.

இந்தப் புல்லை வளரவிட்டால் அடியில் மெத்தை மாதிரி காய்ந்த தண்டு சேர்ந்துவிடும். அதன்மேல்தான் பச்சை நிற்கும். ஒரே தடவையில் ஒட்ட வெட்டினால் பச்சை முழுவதும் போய், வைக்கோல் நிறத் தரை மிஞ்சும். "வெட்டச் சொன்னேன், புல்லையே சாகடித்துவிட்டார்" என்று வெட்டியவரைத் திட்டுவார்கள். தப்பு அவருடையது இல்லை. ஒரு வெட்டுக்குப் புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. இடுப்பளவு போன புல்லை இரண்டு மூன்று தடவையாகத்தான் இறக்க வேண்டும். அத்தனை தடவைக்கும் கூலி உண்டு. 600 ரூபாய் வீட்டுக்காரர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறவர். 1,500 ரூபாய் வீட்டில் ஆறு மாதமாகக் கதவு பூட்டியிருந்தது.

(காட்சி: சரிவில் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் தொழிலாளி. கண்ணாடி, பூட்ஸ், காலில் தடுப்பு.)

அடுத்து நிலம். சமவெளியில் தள்ளிக்கொண்டு போகும் லான் மோவர் நம் சரிவுகளில் முக்கால்வாசி இடத்தில் நிற்காது. அதனால் இங்கே வேலை பிரஷ் கட்டரில்தான், அல்லது கதிர் அரிவாளில். எஞ்சினைத் தோளில் தொங்கவிட்டு, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஊன்றி, இடுப்பைத் திருப்பித் திருப்பி வெட்டுகிற வேலை அது. ஏழு செண்டு என்றால் சுமார் 3,050 சதுர அடி. அது சமமாக இருந்து, புல்லும் முழங்காலுக்குக் கீழே நின்றால், பழகிய கை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். அதே ஏழு செண்டு மூன்று அடுக்காக இருந்து, நடுவில் கல் கட்டுகள் இருந்தால் அரை நாள் போய்விடும். மிஷினில் சுழன்று புல்லை வெட்டுகிற நைலான் கயிறு, கல்லில் உரசும்போது தேய்ந்து தேய்ந்து அறும். ஈரப் புல் என்றால் சுற்றிக்கொள்ளும், அடிக்கடி நிறுத்தி எடுக்க வேண்டும்.

நாள் என்பதும் இங்கே சின்னது. காலையில் பனிமூட்டம் விலகி, காட்டெருமை தேயிலைக்குள் இறங்கிப் போன பிறகுதான் இறங்க முடியும். மதியத்துக்கு மேல் மழை வந்துவிடும். மேலே நின்று பார்க்கிற நமக்கு "நாலு மணி நேரம்தானே வேலை பார்த்தார்" என்று தோன்றும். அந்த நாலு மணி நேரத்துக்காக அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

(காட்சி: கரும்பலகை. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகின்றன.)

சரி, இப்போது பணக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் பேரம் பேசுவது இந்த இடத்தில்தான். நான் போடுவது உதாரண எண்கள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நாள் வேலை. எஞ்சின் ஓடுவது மூன்று மணி நேரம். மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல் என்று வைத்தால், இரண்டே கால் லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்றால் சுமார் 230 ரூபாய். டூ ஸ்ட்ரோக் மிஷின் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்; பல மிஷின்களுக்கு லிட்டருக்கு 40 மில்லி. அது ஒரு 30 ரூபாய். நைலான் கயிறு 60. கோத்தகிரியில் இருந்து பைக்கில் வந்து போக 80. அப்புறம் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று, மிஷினின் தேய்மானம். கிளட்ச், கார்புரேட்டர், பிளக், பிளேடு என்று ஏதாவது போய்க்கொண்டே இருக்கும். ஒரு வேலைக்கு 100 என்று போடுவோம்.

மொத்தம் 500 ரூபாய். அவர் 1,200 கேட்டால் கையில் நிற்பது 700. நாம் பேரம் பேசி 900 ஆக்கினால் 400. நமக்குக் குறைந்தது கால்வாசி. அவருக்குக் குறைந்தது பாதிக்கு அருகில். பெட்ரோல் பங்கில் அவரால் பேரம் பேச முடியாது இல்லையா, நாம் குறைப்பது முழுவதும் அவர் கூலியில்தான் விழும். இதை ஒருமுறை எழுதிப் பார்த்த பிறகு நான் கூலியில் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். வேலையில் பேசுகிறேன். "மேல் இரண்டு அடுக்கு மட்டும் இன்றைக்கு வெட்டுங்க அண்ணா, கீழ் அடுக்கு அடுத்த மாதம்" என்றால் அவருக்கும் சரியாக இருக்கிறது, எனக்கும் செலவு குறைகிறது.

உடம்பையும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் அதிரும் கைப்பிடியைப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். நம் ஊர்க் குளிர் அதை இன்னும் மோசமாக்கும். அதனால் மணிக்கு ஒருமுறை எஞ்சினை அணைத்து உட்கார்ந்தால் அது சோம்பல் இல்லை. ஒரு டீ கொண்டுபோய்க் கொடுங்கள்.

(காட்சி: மண்வெட்டியால் செதுக்கிய சரிவு. மழைநீர் செந்நிறமாக ஓடுகிறது.)

இன்னொரு வழியும் உங்களுக்குச் சொல்லப்படும்: "மண்வெட்டியால் செதுக்கிவிடலாம், மூணு மாசத்துக்குப் புல்லே வராது." கணக்குக்கு மலிவாகத் தெரியும். தயவுசெய்து சரிவில் இதைச் செய்யாதீர்கள். மழை அடிக்கும்போது மேல்மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். செதுக்கியதும் மண் முதல் மழையிலேயே வாய்க்காலுக்குப் போகும், கல் கட்டின் அடி தளரும். களைக்கொல்லி அடித்தாலும் அதே கதைதான், வேர் செத்துவிடுகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் மலை சரிந்து 40 பேருக்கு மேல் இறந்த மாவட்டம் இது. அந்தச் சரிவுகளுக்குக் காரணம் பெருமழையும் நிலத்தின் தன்மையும். ஆனாலும் நம் கையில் இருக்கிற கொஞ்ச மண்ணையாவது வேரோடு விட்டுவைப்போமே. சரிந்த கல் கட்டைத் திரும்பக் கட்டுகிற செலவில் பல வருடத்துக்குப் புல் வெட்டலாம்.

உண்மையிலேயே செலவு குறைய வேண்டும் என்றால், பக்கத்தில் மாடு வைத்திருப்பவரைக் கேளுங்கள். கிக்குயு நல்ல தீவனம். கீழ் அடுக்கில், லான் மாதிரி சீராக வேண்டாத இடத்தில், அவர்களே அரிவாளோடு வந்து அறுத்துக் கட்டி எடுத்துப் போவார்கள். காசு வாங்க மாட்டார்கள். மருந்து அடித்த புல்லாக இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வருடத்துக்கு எத்தனை தடவை? கோடை மழை தொடங்கி வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டிப் பள்ளங்களில் புல் கருகி வளர்ச்சி நின்றுவிடும், கூப்பிடவே வேண்டாம். பனிக்கு முன் ரொம்ப ஒட்ட வெட்டாமல் விட்டால் அடித்தண்டு பிழைக்கும். வீட்டைச் சுற்றியும் நடைபாதை ஓரமும் மட்டும் எந்த மாதத்திலும் உயரவிடாதீர்கள். அங்கே பணத்தைவிடப் பெரிய விஷயம், இருட்டில் படுத்திருக்கும் காட்டெருமை கண்ணில் படுவது.

(காட்சி: கைபேசியில் தோட்டத்தைப் படம் எடுக்கும் பெண்.)

போனில் பேசும்போது என்ன சொல்ல வேண்டும்? எத்தனை செண்டு என்பதோடு நிறுத்தாதீர்கள். ரோட்டில் இருந்து எத்தனை படி என்று சொல்லுங்கள், மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறுவது அவர்தான். புல்லுக்குள் ஓர் ஆளை நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், உயரம் அதிலேயே தெரிந்துவிடும். வெட்டிய புல்லை அள்ளி ஓரத்தில் குவிப்பதும் கூலியில் சேர்த்தியா என்று முன்பே பேசுங்கள். பிளேடு கல்லைத் தெறிக்கவைக்கும். 50 அடிக்குள் காரையோ குழந்தையையோ நிறுத்தாதீர்கள்.

அப்புறம் தண்ணீர் பைப். நம் வீடுகளில் கருப்பு ஹோஸ் புல்லுக்குள்தான் ஓடும். போன வருடம் நான் அதைச் சொல்ல மறந்தேன். கீழ் அடுக்கில் பைப் இரண்டாகப் போனது. டேங்க்கில் இருந்த தண்ணீர் முழுவதும் இறங்கிவிட்டது. அவர் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னார். சொல்லாதது நான், எப்படிக் கழிப்பது? முழுக் கூலியும் கொடுத்தேன். இப்போது அவர் வருவதற்கு முந்தின நாள் மாலையே பைப் போகிற வழியில் நாலு குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.