ஞாயிற்றுக்கிழமைப் பாடம் திங்களன்று தொடங்குகிறது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். பணி ஓய்வு பெற்றவர்களின் ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்பதைப் பற்றியும், அந்த வாரத்தில் குடும்பமும் திருச்சபையும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பற்றியும் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றி, 58 வயதில் ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் என் கணவர், என் மாமியார், மருமகள், பேரன் ஆகியோர் இருக்கிறோம்; மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். சமையல், சந்தை, மருத்துவமனை, பேரனின் பள்ளிக்கூடம் என்று எல்லா வீடுகளிலும் இருக்கிற வேலைகள்தாம் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. ஆனால் என் வாரம் முழுவதையும் ஒரு சரடாகக் கோத்து வைத்திருக்கிற வேலை ஒன்று உண்டு. வேதாகமத்தைச் சத்தமாக, கேட்கிறவர்களுக்குப் பொருள் விளங்கும்படி வாசிப்பதும், மற்றவர்களை அவ்வாறு வாசிக்கப் பழக்குவதுமே அந்த வேலை. இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

எங்கள் வழிபாட்டை அறியாத நேயர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1947-ஆம் ஆண்டு உருவான தென்னிந்தியத் திருச்சபையில், ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் வேத பாடங்கள் வாசிக்கப்படும். பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, ஆதிச் சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்களாகிய நிருபங்களிலிருந்து ஒன்று, சுவிசேஷத்திலிருந்து ஒன்று. எந்த ஞாயிறுக்கு எந்தப் பகுதி என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையாக வந்துவிடும். அந்தப் பாடங்களைச் சபையாரில் ஒருவர் எழுந்து போய் வாசிக்கலாம். ஆசிரியரும் வாசிக்கலாம், கடைக்காரரும் வாசிக்கலாம், கல்லூரி மாணவியும் வாசிக்கலாம். பிரசங்கம் ஐயரவர்களுடைய, அதாவது சபையின் போதகருடைய, பொறுப்பு. பாடம் சபையாருடைய பொறுப்பு. சில நிமிடங்களில் முடிந்துபோகிற அந்த வாசிப்பு சரியாக அமையாவிட்டால், அதன்பின் அரைமணி நேரம் ஐயரவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை என்பது என் நெடுநாளைய எண்ணம்.

எனவே ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எனக்குத் திங்கட்கிழமை தொடங்குகிறது. காலையில் என் கணவர் மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், மாமியாரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, இட்லி ஊட்டிவிட்டு, மருமகளையும் பேரனையும் அனுப்பிவிட்டால் வீடு அமைதியாகிவிடும். அப்போது அட்டவணையைப் பார்த்து, வருகிற ஞாயிறுக்குரிய பகுதியை எடுத்து, வாய்விட்டு ஒருமுறை வாசிப்பேன். கண்ணால் மட்டும் படித்தால் போதாது, வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும். எங்கே நாக்கு தடுக்கும், எங்கே மூச்சு போதாமல் போகும் என்பது வாயைத் திறந்தால்தான் தெரியும்.

நாங்கள் ஆலயத்தில் வாசிக்கிற தமிழ் வேதாகமம், ஹென்றி பவர் என்பவரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பை ஒட்டியது. அதன் வாக்கியங்கள் நீளமானவை, சொற்களும் நீளமானவை. ரோமர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் தொடங்குகிற இடத்தில் ‘நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்’ என்று ஒரு சொல் வருகிறது. முன்கூட்டியே பார்க்காமல் வந்து நிற்கிறவர், அதை நடுவில் எங்கேயோ உடைத்துவிடுவார். உடைத்த இடத்தில் பொருளும் உடைந்துபோகும். அது மட்டுமல்லாமல், தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பவுல் அப்போஸ்தலரின் வாக்கியம் ஐந்தாறு வசனங்களைக் கடந்து போய் ஒரு வினைமுற்றில் இறங்குகிறபோது, அதுவரைக்கும் குரலைக் கீழே விடாமல் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். வசனத்துக்கு வசனம் குரலை இறக்கினால், கேட்கிறவர் அங்கங்கே பேச்சு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். வசன எண்கள் பகுதியைத் தேடி எடுப்பதற்காகப் போடப்பட்டவை. மூச்சு விடுவதற்கான இடங்களை அவை காட்டுவதில்லை. ஆகையால் முன்கூட்டியே வாசித்துப் பாருங்கள் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் இதை நான் பலமுறை சொல்லக்கூடும். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். மருமகள் அலுவலகத்திலிருந்து வந்து, முகம் கழுவி, ஒரு வாய் காப்பி குடித்தபின் பாயை விரிப்போம். ஒரு பாட்டு, ஒரு வேத பகுதி, ஒரு ஜெபம், அவ்வளவுதான். நீண்ட குடும்ப ஜெபம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடும் என்பதால் அதைச் சுருக்கமாகவே வைத்திருக்கிறேன். ஆனால் வாசிப்பில் மட்டும் அவசரப்படுவதில்லை. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற வழக்கம். எத்தனையோ பெண்கள், பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போக வாய்க்காதவர்கள், இந்தச் சுற்று வாசிப்பில்தான் எழுத்துக்கூட்டப் பழகினார்கள். பக்கத்தில் இருக்கிறவர் விரல் வைத்துக் காட்ட, மற்றவர்கள் காத்திருக்க, அந்த ஒரு வசனத்தை அவர்கள் வாசித்து முடிப்பார்கள்.

என் பேரன் ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழியில் படிக்கிறான். தமிழை அவன் சரளமாகப் பேசுவான். வாசிக்கும்போது மட்டும் தயங்குவான். முதலில் அவன் முறை வரும்போது, “ஆச்சி, நீங்களே வாசிச்சிருங்க” என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிடுவான். நான் ஒருநாளும் அவனுடைய வசனத்தை வாங்கி வாசித்ததில்லை. அவனுக்கு எந்த வசனம் வரும் என்று முன்பே எண்ணிப் பார்த்து, மாலையில் அவன் பால் குடிக்கிற நேரத்தில் அந்த ஒரு வசனத்தை மட்டும் இருவரும் சேர்ந்து சொல்லிப் பார்ப்போம். ஏழு மணிக்கு அவன் அதைத் தடையில்லாமல் வாசிப்பான். முன்கூட்டியே வாசிப்பதன் பலன் குழந்தைக்கும் ஒன்றுதான், நிருபம் வாசிக்கப் போகிற பெரியவருக்கும் ஒன்றுதான்.

என் மாமியாருக்கு இப்போது எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்கள் மெஞ்ஞானபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவர்கள். உபதேசியார் தினமும் காலையிலும் மாலையிலும் மணியடித்துச் சபையாரைக் கூட்டி, வேதம் வாசித்து ஜெபித்த காலம் அது. நாள்தோறும் காதால் கேட்டுக் கேட்டே, வேதாகமத்தின் துதிப்பாடல்களாகிய சங்கீதங்கள் பல அவர்களுக்கு மனப்பாடமாகிவிட்டன. எங்கள் சுற்றில் அத்தையின் முறை வரும்போது, பகுதி எதுவாக இருந்தாலும், அவர்கள் ஏதாவது ஒரு சங்கீதத்திலிருந்து ஒரு வசனத்தைச் சொல்வார்கள். நேற்று வந்தவர் யார் என்பதை மறந்துவிடுகிற அவர்கள், சங்கீதத்தில் ஒரு சொல்லையும் விடுவதில்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்திலிருந்து, ஊர் ஊராக உபதேசியார்களும் பள்ளிகளும் ஏற்படுத்தப்பட்டபோது, வாசிக்கத் தெரிந்தவர் சிலராகவும் கேட்கிறவர்கள் பலராகவும் இருந்தார்கள். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு உள்வாங்கிய அந்தப் பழக்கத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒருவராக என் மாமியாரை நான் காண்கிறேன். அவர்கள் கேட்டது தெளிவான வாசிப்பாக இருந்தபடியால்தான் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வங்கி, மின்கட்டணம், மருந்துக் கடை என்று செவ்வாய்க்கிழமை போய்விடும். புதனன்று எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். நோயாளி இருக்கிற வீடாக இருந்தால் பாட்டைக் குறைத்து வாசிப்பைக் கூட்டச் சொல்வேன், ஏனென்றால் படுத்திருக்கிறவருக்குப் பலருடைய குரல் களைப்பைத் தரும், ஒரே குரல் ஆறுதலைத் தரும். வியாழனன்று பெண்கள் ஐக்கிய சங்கம். கைப்பிடி அரிசியைக் கொண்டுவந்து காணிக்கையாக ஒப்படைக்கிற நாளும் அதுதான். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைத்த அரிசி அது.

வெள்ளிக்கிழமை எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த நாள். மகன் இருக்கிற ஓமான் நாட்டில் வெள்ளி விடுமுறை என்பதால், அங்குள்ள தமிழ்ச் சபையார் வெள்ளிக்கிழமையிலேயே கூடி ஆராதிக்கிறார்கள். என் மகன் ஆராதனை முடிந்து அறைக்குத் திரும்பி, நம்முடைய ஏழு மணிக்குத் தொலைபேசியில் எங்களோடு சேர்ந்துகொள்வான். அங்கே அப்போது மணி ஐந்தரை. சுற்று வாசிப்பில் அவனுக்கும் ஒரு வசனம் உண்டு. தன் தகப்பன் வாசிக்கும்போது பேரன் தன் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். நலமா, சாப்பிட்டாயா என்று எத்தனையோ பேசுகிறோம். இருந்தாலும் நாங்கள் எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிற அந்தச் சில நிமிடங்களில்தான் அவன் வீட்டுக்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

சனிக்கிழமை மாலை ஆலயத்தில் பாடகர் குழுவின் ஒத்திகை. அதற்கு முன்னதாக, மறுநாள் பாடம் வாசிக்கிறவர்களை அங்கே வரவழைத்து, வாசிக்கச் சொல்லி, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். ஒலிபெருக்கி இல்லாமல்தான் பழக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதை விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியை நேயர்கள் பலர் அறிவீர்கள். பார்வையற்ற பெரியவர் ஒருவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சபைக்கு வரத் தொடங்கினார். பாடம் வாசிக்கும் பட்டியலில் தம்முடைய பெயரையும் சேர்க்கும்படி கேட்டார். பிரெயில் எழுத்தில் வேதாகமம் பல பாகங்களாக இருக்கும். ஆலயத்துக்குச் சுமந்துவருவது கடினம். ஆகவே அவர் பாடப் பகுதியை மட்டும் தடித்த தாளில் தாமே குத்தி எழுதிக்கொள்வார். சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் புள்ளிகளை வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் அவை மேடாக நிற்க, இடமிருந்து வலமாக விரலால் வாசிக்கலாம். அதாவது, அந்தப் பகுதியின் ஒவ்வொரு எழுத்தும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவருடைய கைவழியாகப் போய்வந்திருக்கும். முன்கூட்டியே வாசிப்பது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அதன் நிறைவான வடிவத்தை அவரிடம்தான் கண்டேன். விரல் நகர்கிற வேகத்தில் குரலும் நகர்ந்தது. ஒரு சொல்லும் விழுங்கப்படவில்லை.

டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை ஒன்றில் அவர் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. விளக்குகள் அணைந்தன, ஒலிபெருக்கியும் அடங்கியது. ஆலயம் நிறைய ஜனங்கள். பின்பக்கத்தில் குழந்தைகள் சத்தமிட்டார்கள், யாரோ மெழுகுவர்த்தி தேடினார்கள். அவருடைய வாசிப்பு நிற்கவில்லை. விளக்கு அணைந்தது அவருக்குத் தெரியாது. ஒலிபெருக்கி அடங்கியது தெரிந்தது. குரலைச் சற்றே உயர்த்தி, அதே நிதானத்தில், அடுத்த சொல்லுக்குப் போனார். அவரைக் கேட்பதற்காகச் சபை தானாகவே அடங்கியது. அந்தப் பாடம் முடிகிறவரைக்கும் அத்தனை பேரும் இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தோம். நெகேமியாவின் புத்தகத்தில், தண்ணீர் வாசலுக்கு முன்னால் மரமேடையின்மேல் நின்று எஸ்றா காலை தொடங்கி மத்தியானம்வரை வாசித்தான் என்றும், ஜனங்கள் கவனமாய்க் கேட்டார்கள் என்றும் இருக்கிறது. அங்கே ஒலிபெருக்கி ஏது? வாசித்தவரின் ஆயத்தமும் கேட்டவர்களின் ஆவலும்தான் இருந்தன. அந்த ஆண்டுமுதல்தான் சனிக்கிழமைப் பயிற்சியில் நான் கடைசி வரிசையைத் தேர்ந்துகொண்டேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறீர்கள். சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் உங்களால் கொடுக்க முடியும். தயவுசெய்து கொடுங்கள் என்று உங்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை. கீர்த்தனைகளைப் பற்றிக் குறித்து வைத்திருந்ததையும் விட்டுவிட வேண்டியதுதான். ஞாயிறு காலை முதல் மணிக்கு அத்தையைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம் என்பதையும், ஆராதனைக்குப் பின் ஆலயத்துக்கு வர இயலாத முதியவர்களின் வீடுகளுக்கு ஐயரவர்கள் அப்பமும் திராட்சரசமுமாகிய திருவிருந்தைக் கொண்டுபோகும்போது, காலையில் வாசித்த சுவிசேஷத்தை அங்கேயும் வாசிக்க நாங்கள் இருவர் உடன் போகிறோம் என்பதையும் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அங்கே பாடத்தை நாங்கள் சுருக்குவதில்லை.

பரிசுத்த ஆவியானவர் இறங்கியதை நினைவுகூருகிற பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்க எங்கள் சபையில் இம்முறை சிறுவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தர், மேதர், ஏலாமீத்தர் என்று தேசத்தார் பெயர்கள் வரிசையாக வருகிற அந்த வசனங்கள் என் பேரனுடைய பங்குக்கு வந்திருக்கின்றன. கப்பத்தோக்கியாவரைக்கும் நன்றாக வருகிறது. பம்பிலியாவை இந்த வாரம் பழகிக்கொண்டிருக்கிறோம். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், இவ்வளவு நேரம் கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.